பதினோராம் பலகையில் ஒரு குழாய்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு லாரியில் ஓர் அறை வந்து இறங்கியது. பார்த்தால் அறை என்று யாரும் சொல்லமாட்டார்கள். இருபத்திரண்டு பலகைகள், ஒரு கதவு, ஒரு சன்னல், இரும்புச் சட்டங்கள், இரண்டு அட்டைப்பெட்டி நிறையத் திருகுகள். லென்ஸ் கையில் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. அதுவே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

லென்ஸ் என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீடு கேட்டு வருபவர்களின் புகைப்படங்களைப் பார்த்து, சொல்வது மெய்யா பொய்யா என்று பிரிப்பது அவள் வேலை. வெள்ளத்தில் மூழ்கிய சோபா என்று படம் வரும். மெத்தை நனைந்திருக்கும், கால்கள் காய்ந்திருக்கும். வெள்ளம் மேலிருந்து கீழே வராது என்று ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்புவாள். ஒரு பொய் இருந்தால் மொத்தமும் பொய் என்பது அவள் கணக்கு. ஒருமுறை ஒரு மனிதருக்குக் குளிர்சாதனப் பெட்டி நிஜமாகவே எரிந்திருந்தது. அவர் நாலாவது படத்தை மட்டும் பக்கத்து வீட்டில் எடுத்துவிட்டார். தரையின் ஓடு வேறாக இருந்தது. அவருக்கும் கிடைக்கவில்லை.

மூன்று வருடமாகச் சாப்பாட்டு மேசையில்தான் இந்த வேலை நடந்துகொண்டிருந்தது. போன மாதம் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. பிறருடைய மருத்துவச் சீட்டுகளையும் வீட்டுப் படங்களையும் பார்ப்பவர்களுக்குப் பூட்டக்கூடிய தனி அறை இருந்தாக வேண்டும். திங்கட்கிழமை பத்தரை மணிக்கு வீடியோவில் சோதிப்பார்கள். தேறாவிட்டால் தலைமை அலுவலகத்துக்கு வந்து உட்கார வேண்டும். அது எட்டு மணிநேரப் பயணம். போவதும் ஒன்றுதான், வேலையை விடுவதும் ஒன்றுதான்.

வீட்டில் இருப்பது ஒரே படுக்கையறை. அதனால்தான் பின்பக்கத்துக் காலி இடத்தில் இந்த அறை. யோசனை கணவனுடையது. அவன் அரசுக் கிடங்கில் கணக்காளன். எதையும் மூன்று மாதம் யோசிக்காமல் வாங்காதவன். இதை மட்டும் மூன்றே நாளில் முடிவுசெய்துவிட்டான். லென்ஸுக்கு அதுவும் இடித்தது.

பலகைகளைப் பொருத்துவதற்கு ஒரு ஃபிட்டர் வந்திருந்தார். வாய் ஓயாத மனிதர், கை அதைவிட ஓயாது. முதலில் ஆறு கல்மேடைகள் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதன் திருகுக்கால்களை ஏற்றியும் இறக்கியும் ரசமட்டத்தின் குமிழியை நடுவில் நிறுத்தினார். அதன்மேல் மரத்தூளை அழுத்திச் செய்த தரைப்பலகைகள். பிறகு சுவர். சுவர்ப்பலகை ஒவ்வொன்றும் ஒரு சாண்ட்விச் மாதிரி: இரண்டு பக்கமும் மெல்லிய தகடு, நடுவே கெட்டியான நுரை. ஒன்றின் ஓரத்தில் நாக்கு, அடுத்ததின் ஓரத்தில் பள்ளம். இரண்டையும் நெருக்கி வைத்து, சிறு துளைக்குள் ஆலன் கீயை விட்டுத் திருகினால் உள்ளே ஒளிந்திருக்கும் கொக்கி நீண்டு, பக்கத்துப் பலகையைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். வெளியே ஓர் ஆணிகூடத் தெரியாது.

“குளிர்பதனக் கிடங்குக்குப் போடற பலகை மேடம் இது. இதே கொக்கி, இதே நுரை. உள்ள உக்காந்து கத்தினாலும் வெளிய கேக்காது” என்றார் ஃபிட்டர் பெருமையாக.

“நான் ஏன் கத்தணும்?” என்றாள் லென்ஸ்.

ஃபிட்டர் கணவனைப் பார்த்தார். “அவ கேள்வி அப்படித்தான் இருக்கும், நீங்க திருகுங்க” என்றான் அவன்.

கதவை அவள்தான் மாற்றச் சொல்லியிருந்தாள். நிறுவனம் அனுப்பியது வெளியே திறக்கும் கதவு. அப்படித் திறக்கும் கதவுக்குக் கீல்கள் வெளிப்பக்கம் இருக்கும். கீலின் நடுவில் இருக்கும் ‘பின்’ என்ற ஆணியைத் தட்டி எடுத்தால் பூட்டு பூட்டியபடியே இருக்க, கதவு கழன்று வந்துவிடும். உள்ளே திறக்கும் கதவுக்கு அந்தப் பயமில்லை, கீல் முழுக்க அறைக்குள் இருக்கும். கடிதத்தில் இருந்த நிபந்தனை இது. இல்லாவிட்டாலும் அவளே கேட்டிருப்பாள்.

பதினோராம் பலகையைத் தூக்கி நிறுத்தும்போதுதான் அதைப் பார்த்தாள். சுவரின் அடிவிளிம்பில், வெளிப்பக்கமாக, கட்டைவிரல் பருமனில் ஒரு பிளாஸ்டிக் குழாயின் வாய். மற்ற இருபத்தொரு பலகைகளில் இல்லை.

“என்னங்க, இது என்ன குழாய்?”

கணவன் காதைச் சொறிந்தான். “அதுவா... காத்து போறதுக்கா இருக்கும்.”

திருமணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அவன் காதைச் சொறிந்துகொண்டு உண்மை பேசியதில்லை.

காற்றுக்கு மேலே தனியாகச் சல்லடை வைத்த துளை இருந்தது. தரையை ஒட்டிய குழாய் எதற்கு? தண்ணீர் வெளியே போவதற்கு. அலுவலக அறையில் தண்ணீர் எதற்கு? கை கழுவும் தொட்டிக்கு. தொட்டி யாருக்கு வேண்டும்? அந்த அறையிலேயே குடியிருக்கப் போகிறவனுக்கு.

அந்த இடத்துக்கு வந்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. புதன்கிழமை கணவனின் போனில் ஒரு செய்தி மின்னி மறைந்திருந்தது: ‘அண்ணா, ரூம் ரெடியா?’ அனுப்பியவன் ரெண்டு நாள்.

ரெண்டு நாள் என்பது கணவனின் தம்பி. ‘ரெண்டு நாள்தான் அண்ணி’ என்று பையோடு வந்து, முன்னறை சோபாவில் பதினாலு மாதம் இருந்த பிள்ளை. அவன் போய் இரண்டு வருடமாகியும் சோபாவின் நடுவில் அவன் அளவுக்கு ஒரு பள்ளம் அப்படியே இருக்கிறது. கெட்டவன் இல்லை. கேட்டால் வேலை செய்வான், கேட்காவிட்டால் தூங்குவான். ஆனால் அவன் அந்த அறைக்குள் ஒரு பாயை விரித்துவிட்டால் அது தனி அறையும் இல்லை, அவளுக்கு வேலையும் இல்லை. பிறருடைய மருத்துவச் சீட்டுகளுக்கு நடுவே ஒருவன் குறட்டை விட்டுக்கொண்டிருப்பதை எந்த நிறுவனம் ஒத்துக்கொள்ளும்?

மதியம் கணவனும் ஃபிட்டரும் டீ குடிக்கப் போனார்கள். இடுக்குகளை அடைக்கும் நுரைப் புட்டி மூலையில் நின்றது. லென்ஸ் அதன் மூக்கைக் குழாயின் வாய்க்குள் விட்டு அழுத்தினாள். நுரை பொங்கி, தடித்து, காற்றுப்பட்டுக் கல்லாகியது. பிதுங்கியதைக் கத்தியால் வழித்து, வெள்ளைச் சாயம் ஒரு தீற்று தீற்றினாள். அங்கே குழாய் இருந்ததென்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். பத்து வருடம் பொய்ப் படங்களைப் பார்த்த கைக்கு எதை எப்படி மறைப்பது என்று நன்றாகவே தெரிந்திருந்தது.

‘இனி எந்தத் தொட்டியை வைக்கிறீர்கள், பார்க்கலாம்’ என்று நினைத்துக்கொண்டு கையைக் கழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஏசி வந்தது.

“மூணு வருஷமா வேர்க்குதுன்னு சொன்னியே. சொல்லாம வாங்கணும்னு இருந்தேன்” என்றான் கணவன். முகம் முழுக்கச் சிரிப்பு. காதைத் தொடவில்லை.

“எனக்கா?”

“பின்ன யாருக்கு?”

“அதத்தான் கேக்கறேன்.”

“பிடிக்கலையா?”

“பிடிச்சிருக்கு” என்றாள், கோப்பில் முத்திரை குத்தும் குரலில். மூன்று வருடம் கேட்டபோது வராத ஏசி, தம்பி வரப்போகும்போது வருகிறது. ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் கண்ணில் படுவதெல்லாம் அந்த முடிவுக்கே சாட்சி சொல்ல வரும். மற்றவர்கள் விஷயத்தில் இதை அவள் நன்றாக அறிந்தவள்.

ஏசியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது குளிர்விக்க மட்டும் செய்வதில்லை. அறைக் காற்றின் ஈரத்தையும் பிழிந்தெடுக்கிறது. ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளர் வெளியே வியர்ப்பதுபோல, அதன் உள்ளேயிருக்கும் குளிர்ந்த தகடுகள் வியர்க்கும். அந்த வியர்வை மணிக்கு ஒரு லிட்டர்வரை சேரும். அது எங்காவது போயாக வேண்டும். பதினோராம் பலகைக்குள் மேலிருந்து கீழ்வரை தொழிற்சாலையிலேயே பதித்த குழாய் இருந்தது. மேல்முனை ஒரு வெள்ளை மூடிக்குப் பின்னால் ஏசிக்குப் பக்கத்தில். கீழ்முனை, அவள் அடைத்த வாய்.

ஏசி பொருத்த வந்தவர் முறைப்படி மேல்முனையில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். சமர்த்தாக உள்ளே போய்விட்டது. ஆள் உயரக் குழாய்க்கு ஒரு டம்ளர் தண்ணீர் எம்மாத்திரம்? கீழே சொட்டுகிறதா என்று அவர் வெளியே போய்ப் பார்த்திருக்க வேண்டும். அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது, போகவில்லை.

அன்று மதியத்திலிருந்து இரவு வரை லென்ஸ் அறைக்குள்ளேயே இருந்தாள். மேசையைப் போட்டாள், திரையைத் தொங்கவிட்டாள். இடம் தன்னுடையது என்று காட்டவே ஏசியை நிறுத்தாமல் ஓடவிட்டாள். குழாய் மெல்ல நிரம்பியது. அடியில் அது வளைந்து திரும்பும் மூட்டில் தண்ணீர் கசிந்து, யார் கண்ணிலும் படாமல் கதவுப் பக்கத்துத் தரைப்பலகைக்குள் இறங்கியது. மரத்தூள் பலகைக்குத் தண்ணீர் பட்டால் ஊறவைத்த கடலை மாதிரிதான்.

திங்கட்கிழமை கணவன் வேலைக்குப் போய்விட்டான். ஒன்பதே முக்காலுக்கு லென்ஸ் அறைக்குள் நுழைந்தாள். கதவு தரையில் உரசியது. புதுக் கதவு, பழகப் பழகச் சரியாகும் என்று தோளால் ஒரு முட்டு முட்டினாள். மூடிக்கொண்டது. பூட்டிப் பார்த்தாள், பூட்டியது. பூட்டைத் திறந்தாள், திறந்தது. கைப்பிடியை இழுத்தாள். கதவு வரவில்லை.

இரண்டு கையாலும் இழுத்தாள். சுவரில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு இழுத்தாள். கீழே பார்த்தாள். கதவுக்கு முன்னால் தரை இட்லி மாதிரி உப்பியிருந்தது. கதவு உள்பக்கம்தான் திறக்கும். உள்பக்கம் வர, அந்த உப்பலைத் தாண்ட வேண்டும்.

சோதனையில் கதவைத் திறந்து, மூடி, பூட்டிக் காட்ட வேண்டும். சன்னலுக்கு அவளே கேட்டுப் போட்ட கம்பி. கத்தினால் வெளியே கேட்காது. அதைத்தான் ஃபிட்டர் பெருமையாகச் சொன்னார்.

கணவனுக்குப் போன் செய்தாள்.

“கதவு சிக்கிக்கிச்சு. நான் உள்ள மாட்டிக்கிட்டேன். பத்தரைக்கு அவங்க கூப்பிடுவாங்க!”

“பதறாத, பதறாத. தம்பி இப்ப வந்துடுவான், பஸ் இறங்கிட்டானாம்.”

“எந்தத் தம்பி?”

அவன் காதைச் சொறிவது அவளுக்குப் போனிலேயே கேட்டது.

“சாயந்தரம் வந்து சொல்லலாம்னு இருந்தேன்...”

“சொல்லுவீங்க, சொல்லுவீங்க” என்று போனை வைத்தாள். சந்தேகம் சரியாகிவிட்டது. ஒரு சந்தோஷமும் இல்லை.

பத்து மணிக்குச் சன்னல் கம்பிக்கு வெளியே அந்த முகம் வந்தது. கொஞ்சம் கறுத்து, கொஞ்சம் மெலிந்திருந்தான். தோளில் ஒரு பெரிய பை. லென்ஸ் முதலில் பார்த்தது பையைத்தான்.

“அண்ணி, நல்லா இருக்கீங்களா?”

“பாத்தா தெரியலையா?”

அவன் சிரிக்கவில்லை. கதவின் கீழ்விளிம்பைக் குனிந்து பார்த்தான், சுவரைத் தட்டிப் பார்த்தான், பதினோராம் பலகையின் அடியில் விரலை வைத்துத் தடவினான்.

“கீல் உள்பக்கம் இருக்குல்ல? நான் வெளியிலிருந்து ஒண்ணும் பண்ண முடியாது. நீங்கதான் கழட்டணும்.” பையிலிருந்து ஒரு திருப்புளியையும் சிறு சுத்தியலையும் எடுத்துக் கம்பிக்கு நடுவே நீட்டினான்.

“உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?”

“ரெண்டு வருஷமா குளிர்பதன அறைதான அண்ணி போடறேன். இதே பலகை. அண்ணன் சொல்லலையா? இந்த மாடலையே நான்தான் எடுக்கச் சொன்னேன். ரூம் ரெடியா ரெடியான்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். வந்து பாக்கணும்னு.”

லென்ஸ் கையை நீட்டினாள். சுத்தியலை வாங்கிக்கொண்டாள்.

“மொதல்ல கீழ்க் கீல். பின்னுக்கு அடியில திருப்புளிய வச்சு மேல் பக்கமா தட்டுங்க. கீழ் பக்கம் தட்டினா இன்னும் இறுகிடும்.”

“தெரியும்.”

“தெரிஞ்சா சரி... அண்ணி, மேல் பக்கம்.”

திருப்பி வைத்துத் தட்டினாள். நாலாவது தட்டில் கீலின் பின் ஒரு விரற்கடை எழும்பியது. பிறகு நடுக் கீல், மேல் கீல். “இப்ப தள்ளி நில்லுங்க, கதவு உங்க மேல சாயும்” என்றான். வெளியிலிருந்து கீல் பக்கத்தை அவன் தள்ள, அவள் இழுக்க, கதவு தரையைக் கீறிக்கொண்டு பெயர்ந்து வந்தது. மணி பத்து இருபத்தைந்து.

அவன் தரையைப் பார்த்தான். “தண்ணி இறங்கியிருக்கு. வடிகுழாய் எங்க? பதினொண்ணுல அடியில வாய் இருக்கணுமே, ஏசித் தண்ணி போறதுக்கு.”

“ஏசித் தண்ணியா?”

“பின்ன? இந்தப் பலகை போடச் சொன்னதே அதுக்குத்தான். ஏசி வாங்கறத உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு அண்ணன் சத்தியம் வாங்கிட்டாரு.”

அவளுடைய மடிக்கணினி மணி அடித்தது.

“அண்ணி, கதவ மாட்டி மூட இப்ப நேரமில்ல. நான் அத சட்டத்துல நிறுத்தி வெளியிலிருந்து பிடிச்சுக்கறேன். கேமராவுல மூடின கதவாத்தான் தெரியும். திறந்து காட்டச் சொன்னா மெதுவா சாய்க்கறேன், கீல்ல ஆடற மாதிரியே. மூச்சு விடமாட்டேன்.”

அவள் யோசிப்பதற்குள் கதவு எழுந்து நின்றது. தூரத்திலிருந்து பார்த்தால் பிசிறில்லை. லென்ஸ் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினாள்.

சோதனை அதிகாரி கண்ணாடி போட்ட அம்மாள். சன்னலைக் காட்டச் சொன்னார், அலமாரிப் பூட்டைக் காட்டச் சொன்னார், பட்டியலில் ஒவ்வொன்றாக டிக் செய்தார். பிறகு தலையைத் தூக்காமலே வாசித்தார்:

“நீங்க பேசறது காதுல விழற தூரத்துல வேற யாராவது இருக்காங்களா?”

இல்லை என்று சொல்ல வேண்டியதுதான். அவள் உதடு அதற்குக் குவிந்தும்விட்டது. கதவு அசையவில்லை, அதன் பின்னால் ஒருவன் நிஜமாகவே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான். அவளுக்குத் தரை ஓடு வேறாக இருந்த அந்த நாலாவது படம் நினைவுக்கு வந்தது. குளிர்சாதனப் பெட்டி எரிந்தது நிஜம். அந்த மனிதருக்கும் அன்று நேரம் இல்லாமல் இருந்திருக்கலாம்.

“இருக்காங்க” என்றாள். “கதவு கழண்டிருக்கு. என் கொழுந்தன் வெளிய நின்னு பிடிச்சிட்டிருக்கார்.”

அதிகாரி தலையைத் தூக்கினார். “அவரைக் கொஞ்சம் விடச் சொல்லுங்க.”

கதவு பெருமூச்சு விட்டாற்போல மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது. “வணக்கம் மேடம்” என்றான் ரெண்டு நாள், வியர்த்து வழிந்தபடி.

“கதவு எப்படிக் கழண்டது?”

“தரை ஊறிடுச்சு. ஏசித் தண்ணி வெளிய போற குழாய நான்தான் நுரை வச்சு அடைச்சேன்.”

“ஏன்?”

“சந்தேகத்துல.”

வாசலில் நின்றவனின் வாய் திறந்தது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

“காலையிலிருந்து நாலு பேரைப் பாத்தேன். நாலு பேரும் யாருமே இல்லன்னாங்க. ஒருத்தர் வீட்ல கட்டிலுக்கு அடியில யாரோ தும்மினாங்க.” கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “அஞ்சு மணிக்கு மறுபடி கூப்பிடுவேன். கதவு தன்னால நிக்கணும். அதுவரைக்கும் ஒரு கோப்பும் திறக்கக் கூடாது. அப்பவும் நிக்கலேன்னா நான் எழுத வேண்டியத எழுதிடுவேன்.”

அடைத்த குழாயைக் குடைந்து திறக்க ஒரு மணிநேரம் ஆயிற்று. கடைசித் துண்டு நுரை பிய்ந்ததும் தண்ணீர் அவன் சட்டை மேலேயே பாய்ந்தது. உப்பிய இடத்தைச் செதுக்கி, கதவின் அடியில் ஒரு விரற்கடை இழைத்து, கீல்களில் பின்னை மேலிருந்து இறக்கினான். லென்ஸ் டார்ச் பிடித்தாள், கேட்டதை எடுத்துக் கொடுத்தாள். ஐந்து மணிக்குக் கதவைத் திறந்து, மூடி, பூட்டிக் காட்டினாள். அதிகாரி மூன்று தடவை செய்யச் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசிக் கட்டத்தில் டிக் போட்டார்.

“இப்ப யாராவது?”

“முன்னறையில. நான் போய் வாசல் கதவையும் சாத்திட்டு வந்தேன்.”

“அவர் போயிடுவாரா?”

“அதான் மேடம் தெரியல” என்றாள் லென்ஸ்.

கணவன் ஆறு மணிக்கு வந்தான். கை தயாராகக் காதுக்குப் போயிருந்தது. அவள் அவனை ஒன்றும் கேட்கவில்லை; “ஏசி நல்லா குளிருது” என்று மட்டும் சொன்னாள். அது திட்டா பாராட்டா என்று தெரியாமல் அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

ரெண்டு நாள் சோபாவில், தன் பழைய பள்ளத்தில் சரியாகப் பொருந்தி உட்கார்ந்திருந்தான். பை காலடியில்.

“தம்பி, இன்னிக்கு நீ இல்லேன்னா என் வேலை போயிருக்கும்” என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.

“அட, விடுங்க அண்ணி. இந்த ஊர்ல ஒரு கிடங்கு வேலை, அத முடிச்சிட்டுக் கிளம்பிடுவேன். ரெண்டு நாள்தான்.”

“ரெண்டு நாளா?”

“நீங்க பையையே பாக்கறீங்க. தெறந்தே காட்டறேன்.” சிப்பை இழுத்தான். சுத்தியல், ஆலன் கீ கட்டு, ரசமட்டம், இரண்டு சட்டை, ஒரு துண்டு. இரண்டு நாளுக்குச் சரியான கணக்கு. லென்ஸ் திரும்பப் போனாள். அப்போதுதான் அடியில் எதுவோ வெள்ளையாக மடிந்திருப்பதைப் பார்த்தாள்.

“அது என்ன?”

“தலகாணி. வேற தலகாணில எனக்குத் தூக்கம் வராது அண்ணி.”

கையைக் காதுப்பக்கம் கொண்டுபோகிறானா என்று பார்த்தாள். போகவில்லை. ஆனால் அண்ணனுக்கு இருக்கும் பழக்கம் தம்பிக்கும் இருந்தாக வேண்டும் என்று சட்டமில்லை.

“சரி, நம்பறேன்” என்றாள்.

பிறகு பின்பக்கம் போய், அறையைப் பூட்டி, கைப்பிடியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். குனிந்து, பதினோராம் பலகையின் அடியில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வெளியே விழுவதையும் பார்த்துவிட்டு, சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.